ஆயுத பூஜை போஸ்டர் போட்டால் பையர் வருவாரா?

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளின் லிங்க்ட்இன் பக்கங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். பொங்கல் வாழ்த்து, குடியரசு தின வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து, நடுவில் ஏதோ ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்ட படம், மறுபடி ஆயுத பூஜை, தீபாவளி. தேதி கிழிக்கிற காலண்டரை ஒரு டிசைனர் கையில் கொடுத்து லோகோ ஒட்டித் தரச் சொன்ன மாதிரி இருக்கிறது. கீழே முப்பது லைக். பாதி நம் ஆபீஸ் ஆட்கள். மீதி நூல் விற்பவர், பட்டன் விற்பவர், அட்டைப்பெட்டி விற்பவர். நமக்கு விற்கிறவர்கள் எல்லாரும் ஆஜர். நம்மிடம் வாங்குகிறவர், அதாவது பையர், ஒருத்தர்கூட இல்லை.

மெர்ச்சன்டைசராக, அதாவது பையரோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கிற ஆளாக, பல வருஷம் ஓட்டிவிட்டு, இப்போது கம்பெனிகளுக்கு லிங்க்ட்இன் எழுதிக் கொடுக்கிற வேலைக்கு வந்தவன் நான். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்ட பிறகு எனக்கு வந்த போன்கள் எல்லாம் ஒரே தினுசு. "தம்பி, அமெரிக்க ஆர்டர் நிக்குது. லிங்க்ட்இன்ல யூரோப் பையர் பிடிச்சுக் குடுக்க முடியுமா?" அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 24-ல், பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதனால் "யுகே பையரும் சேத்திக்கங்க" என்றார்கள். பிடித்துக் கொடுக்க அது மீன் சந்தை இல்லை என்பதைச் சொல்லிப் புரியவைப்பதே பாதி வேலை.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பக்கத்தை வைத்து யாரும் பையரை நெருங்க முடியாது. ஆள்தான் நெருங்க முடியும். தத்துவமாகச் சொல்லவில்லை, அந்தத் தளம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கம்பெனிப் பக்கத்தால் யாருக்கும் கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாது. யாரிடமும் தானாக மெசேஜில் பேச்சைத் தொடங்கவும் முடியாது. யாராவது வந்து கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் அதே கம்பெனியின் முதலாளியோ மெர்ச்சன்டைசரோ தன் சொந்தப் பெயரில் போய் பையர் கம்பெனியில் எங்கே வாங்குவது என்று முடிவு செய்கிற ஒரு சோர்சிங் மேனேஜரின் பதிவில் நாலு வரி உருப்படியாக எழுதலாம், பிறகு கனெக்ட் ஆகலாம், பேசலாம். கம்பெனிப் பக்கம் தேவைதான். பையர் பெயரைக் கேள்விப்பட்டுத் தேடி வரும்போது அங்கே முகவரி, சான்றிதழ், என்ன செய்கிறோம், மாதம் எத்தனை பீஸ் என்ற விவரம் ஒழுங்காக இருக்க வேண்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. மாதம் 12 போஸ்டர் என்று பேக்கேஜ் விற்கிற ஏஜென்சிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

சரி, ஆள் என்ன பேசுவது? இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். "நம்ம வேலையில சொல்றதுக்கு என்னங்க இருக்குது, துணி ஓட்டறோம், தைக்கறோம்" என்பார் ஒருத்தர். அதே மனிதரிடம் டீ குடித்துக்கொண்டே கேட்டால் சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் துவைத்ததும் சைடு சீம், அதாவது பக்கத் தையல், ஏன் முன்பக்கம் திரும்புகிறது என்று அரை மணி நேரம் பேசுவார். நூலில் இருக்கிற முறுக்கு எப்படித் துணியை இழுக்கிறது, நூல் ஊட்டும் ஃபீடர் அதிகமான மெஷினில் அது ஏன் கூடுகிறது, எந்த ஃபினிஷிங்கில் எவ்வளவு குறைக்கலாம், எவ்வளவுக்கு மேல் யாராலும் குறைக்க முடியாது. இந்த ஸ்பைராலிட்டி தலைவலி உலகத்தில் டி-ஷர்ட் வாங்குகிற ஒவ்வொரு பையருக்கும் இருக்கிறது. கடையிலிருந்து புகார் வருவது அவருக்குத்தான். அவர் ஊர்க்காரர் யாரும் இதை அவருக்குச் சொல்லித் தரப்போவதில்லை, ஏனென்றால் அங்கே நிட்டிங் மெஷின் பக்கத்தில் நிற்கிற ஆளே குறைந்துவிட்டார்கள். அந்த அரை மணி நேரப் பேச்சை எழுத்தாக்கி, துவைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படத்தோடு போட்டால், அதற்கு வருகிற பத்து லைக்கில் குறைந்தது இரண்டு நமக்கு வேண்டிய ஆளுடையதாக இருக்கும்.

ஷேட் விஷயமும் அப்படித்தான். லேப் டிப் (சாயம் போடும் முன் பையருக்குக் காட்டுகிற சின்னக் கலர் மாதிரி) பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் ஓகே, கடை டியூப் லைட் போன்ற டிஎல்84 விளக்கில் பார்த்தால் கலர் மாறித் தெரிகிறது. பையரின் கடையில் எரிவது எந்த விளக்கு என்று முதலிலேயே கேட்காததால் எத்தனை லாட் மறுசாயம் போயிருக்கிறது! "லேப் டிப் அப்ரூவல் கொடுக்கும் முன் எங்களிடம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்" என்று ஒரு டையிங் மாஸ்டர் எழுதினால் அது விளம்பரம் மாதிரியே இருக்காது, ஆனால் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை நாமே ஒளித்து வைக்கிறோம். தண்ணீர். நொய்யல் ஆறு என்ன ஆனது, ஒரத்துப்பாளையம் அணை எப்படிச் சாயத்தண்ணித் தொட்டியானது என்பது ஊருக்கே தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஊரே ஸ்தம்பித்ததும், அதன் பிறகு ஆர்ஓ சுத்திகரிப்பு, தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று செலவழித்து, கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜுக்கு வந்ததும் சாதாரண விஷயமா? இதைச் சொன்னால் பழைய பாவம் வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கூகுளில் தட்டினால் முதல் பக்கத்திலேயே வருகிற விஷயத்தை மறைத்து என்ன பயன்? "இப்படிக் கெடுத்தோம், கோர்ட் மூடியது, இப்படித் திருந்தினோம், இன்று ஒரு கிலோ துணிக்கு எங்கள் யூனிட் இவ்வளவு தண்ணீரைத் திரும்ப எடுக்கிறது" என்று மீட்டர் ரீடிங்கோடு எழுதுகிற கம்பெனியை நம்புவார்களா, பச்சை இலை படம் போட்டு 'சஸ்டைனபிள்' என்று எழுதுகிற கம்பெனியை நம்புவார்களா? ஜெர்மனியில் 2023 ஜனவரியிலிருந்து சப்ளை செயின் சட்டம் வந்துவிட்டது. பெரிய கம்பெனிகள் தாங்கள் வாங்குகிற இடத்தில் தொழிலாளர் நிலை, சுற்றுச்சூழல் எப்படி என்று பார்க்கக் கடமைப்பட்டவை. இலை படம் அவர்களுக்கு ஒன்றுக்கும் உதவாது.

இதைச் சொன்னதும் முதலாளிகளிடமிருந்து இரண்டு மறுப்பு வரும். இரண்டுமே நியாயமானவை, அதனால் தட்டிக்கழிக்க மாட்டேன்.

முதலாவது, பையர் ரகசியம். "படம் எடுத்துப் போட்டா பையர் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேஸ் போடுவான்." உண்மை. அடுத்த சீசன் பிரிண்ட், ஹேங்டேக், கழுத்து லேபிள் எதுவும் படத்தில் வரக்கூடாது. ஆள் நிற்கிற படத்தில் பின்னால் டேபிளில் கிடக்கிற பீஸைக்கூடப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் பையருடைய துணி இல்லாமலே காட்ட நிறைய இருக்கிறது. நாமே டெவலப் செய்த துணி, சொந்த சாம்பிள், டெஸ்ட் ரிப்போர்ட்டில் பெயரை மறைத்த ஒரு வரி, துணியின் உள்பக்கத் தையல், மெஷின். ரகசியம் என்பது பல இடங்களில் சோம்பலுக்கு வைத்த பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது மறுப்புதான் உண்மையான மறுப்பு. ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "கண்ணு, எங்க மெர்ச்சன்டைசரை நீ லிங்க்ட்இன்ல வளர்த்து உட்டீன்னா, ரெண்டு மாசத்துல பக்கத்துக் கம்பெனிக்காரன் வந்து கூட்டீட்டுப் போயிருவான். அப்புறம் நானு யாரை வெச்சுப் பொழைக்கறது?" நான் சொன்னேன்: "ஏனுங்கய்யா, லிங்க்ட்இன் இல்லாத காலத்துல மட்டும் போகாம இருந்தாங்களா?" சிரித்தார். ஆனால் அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. நல்ல ஆள் வெளியே தெரிந்தால் விலை ஏறும். சம்பளம் ஏற்றத்தான் வேண்டும். அந்த ஆளுடைய கணக்கு அந்த ஆளுடையதுதான், பாஸ்வேர்டை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்பது முறையே இல்லை. சில இடங்களில் அதையும் கேட்கிறார்கள். எல்லா ஸ்டாஃபும் கம்பெனி போஸ்டுக்கு லைக் போட்டே ஆக வேண்டும் என்று எச்ஆர் சுற்றறிக்கை விடுவதும் அதே ரகம்.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன வழி, அவரே பேசுவது. முதலாளியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பனியன் கட்டிங் டேபிளில் ஆரம்பித்து நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் கிடந்தவர். ஆனால் ஆங்கிலத்தில் எழுத வராது என்ற கூச்சம். வீட்டில் படித்துவிட்டு வந்த மகள் இருக்கிறார். அப்பா போனில் ரெக்கார்ட் போட்டுத் தமிழில் பேசட்டும், மகள் அதை ஆங்கிலத்தில் எழுதட்டும். இரண்டாம் தலைமுறைக்குத் தொழில் கற்றுக்கொள்ளவும் இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. மகளோ மகனோ அந்தப் பேச்சை எடுத்து ஏஐயிடம் கொடுத்து "அழகாக்கித் தா" என்று கேட்டால் விஷயம் கெட்டது. 'வீ ஆர் த்ரில்ட் டு அனவுன்ஸ்' என்று ஆரம்பித்து, ராக்கெட் படம் ஒட்டி, 'வாட் ஆர் யுவர் தாட்ஸ்?' என்று முடியும். பையருக்கு அந்த வாசனை முதல் வரியிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் பங்களாதேஷிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் அவருக்கு அதே வரிதான் வருகிறது. இலக்கணம் கொஞ்சம் இடறினாலும் பரவாயில்லை. ஸ்பெல்லிங் மட்டும் சரிபார்க்க வையுங்கள். ஒரு பதிவுக்கு 3000 எழுத்து வரை இடம் இருந்தாலும், 'சீ மோர்' தட்டுவதற்கு முன் கண்ணில் படுவது இரண்டு மூன்று வரிதான். அந்த இடத்தில் கம்பெனி ஆரம்பித்த வருஷத்தைச் சொல்லாதீர்கள். சைடு சீம் திரும்புகிற பிரச்சினையைச் சொல்லுங்கள்.

லைக் வாங்குகிற வாட்ஸ்அப் குழுக்கள் பற்றி ஒரு வார்த்தை. "லிங்க் போட்டிருக்கேன், எல்லாரும் லைக், கமெண்ட் பண்ணீருங்க" என்று காலையில் மெசேஜ் வரும். ஒருவருக்கொருவர் முதுகு சொறிந்துகொள்கிற இந்த ஏற்பாட்டை லிங்க்ட்இன் விதிகளே அனுமதிப்பதில்லை. விதியை விடுங்கள், கணக்கே தப்பு. எங்கேஜ்மென்ட் ரேட் என்பது கிளிக், லைக், கமெண்ட், ஷேர் எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை முறை கண்ணில் பட்டதோ அதால் வகுப்பது. 200 பேர் கண்ணில் பட்டு நம் ஆட்களே 30 பேர் தட்டினால் 15 சதவீதம். ஏஜென்சி அதை பிபிடியில் போட்டுக் கைதட்டு வாங்கும். ஆர்டர் வருமா? பதிவை எவ்வளவு நேரம் நின்று படிக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுப்பதாக லிங்க்ட்இன் பொறியாளர்கள் 2020-லேயே எழுதிவிட்டார்கள். 2023-ல் அதன் தலைமைப் பதிப்பாசிரியர் டேன் ராத், வைரல் ஆவதைவிட அறிவும் ஆலோசனையும் தருகிற பதிவுகளைச் சரியான ஆளிடம் சேர்ப்பதுதான் நோக்கம் என்கிற பொருளில் பேசினார். அவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறவன் இல்லை நான். ஆனால் "குட் போஸ்ட் சார்" என்று எழுதிவிட்டு ஓடுகிற ஐம்பது பேரால் வாசிப்பு நேரம் கூடப்போவதில்லை என்பது புரிகிறது.

சின்ன விஷயங்கள் சில. காலை பத்து மணிக்குப் போஸ்ட் போடுகிறார்கள். ஜெர்மனியில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். மதியம் இரண்டு மணிக்குப் போட்டால் அங்கே ஆபீஸ் திறந்து காபி குடிக்கிற நேரம். காட்டலாக்கை பிடிஎஃப்பாகவே ஏற்றலாம், 300 பக்கம் வரை ஏற்கும். ஆறு ஏழு பக்கம் போதும். ஆர்கானிக் துணிக்கான கோட்ஸ் (GOTS) சான்றிதழ் இருந்தால் 'ஆர்கானிக்' என்று மொட்டையாகச் சொல்லாமல், 95 சதவீத லேபிளா 70 சதவீத லேபிளா என்று சொல்லுங்கள், வித்தியாசம் தெரிந்தவர்தான் வாங்குகிறவர். கமெண்டில் யாராவது கேள்வி கேட்டால் அன்றே பதில் சொல்லுங்கள். 'டிஎம் அஸ்' (தனி மெசேஜில் வாருங்கள்) என்று எழுதாதீர்கள், அங்கேயே சொல்லுங்கள்; மற்றவர்களும் படிப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து என்னிடம் "லைக் ஏறவே இல்லையே" என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது வேறு ஒரு இடம். பக்கத்தின் அனலிட்டிக்ஸில் வந்து பார்த்தவர்கள் எந்த ஊர், என்ன வேலை, எந்தத் தொழில் என்று பிரித்துக் காட்டும். அதில் பர்ச்சேசிங், அதாவது கொள்முதல் வேலை, என்ற வரி அசைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஹாம்பர்க், பார்சிலோனா, மான்செஸ்டர் என்று ஏதாவது தலை காட்டினால், பதிவுக்கு நாலே லைக் என்றாலும் அடுத்த வாரமும் அதே மாதிரி ஒன்று எழுதச் சொல்வேன். எல்லாமே திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்றால், ஏஜென்சி பேக்கேஜை நிறுத்திவிட்டு அந்தக் காசை சாம்பிள் கூரியருக்குச் செலவழிக்கச் சொல்வேன்.