ஆளுக்கு ஒரு வாகனம் போதும்

வாகனத்தைப் பதியும்போதே அரசுப் பூங்காக்களுக்காக வாங்கும் கட்டணத்திலிருந்து முதியோருக்கு விலக்கு வேண்டும் என்ற கட்டுரையை ஏற்கிறேன். இப்படிக் கட்டணம் வாங்கும் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், விருப்பமில்லாத எவரும் அதிலிருந்து விலகலாம். ஆனால் விலக்கு ஆளுக்கு ஒரு வாகனத்துக்கு மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் வீட்டு வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் அப்பாவின் பெயருக்கு மாறிவிடும். எங்கள் மட்டக்களப்பில் இப்படிக் கட்டணமும் விலக்கும் வந்தால், 60 வயதானோருக்குக் கொடுக்கும் முதியோர் அடையாள அட்டையே போதும், புதுப் படிவத்துக்கு வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

மற்றது, காந்தி பூங்காவுக்குப் பின்னேரம் வரும் வயதானவர்கள் பலர் முழங்காலைப் பிடித்தபடி பஸ்ஸில் இறங்குபவர்கள். வாகனமே இல்லாதவர்களுக்கு இந்த விலக்கால் ஒரு சதமும் மிச்சமில்லை. வாவிக் கரையில் சாய்ந்து உட்கார இருக்கையும், சுத்தமான கழிப்பறையும்தான் அவர்களுக்கு வேண்டும். கட்டணமாகச் சேரும் காசில் முதலில் அதைச் செய்யுங்கள்.