எதிர் இருக்கை மனிதர்கள்

நீண்ட ரயில் பயணத்தில் சக பயணிகளை யாரும் கவனிப்பதே இல்லை, செல்போன் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் வருந்துகிறார். வருத்தம் புரிகிறது. ஆனால் பழியை முழுக்க போன் மேல் போட முடியாது. ரயிலும் டிராமும் வருவதற்கு முன் மனிதர்கள் பேசாமல் மணிக்கணக்கில் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார வேண்டியிருந்ததே இல்லை என்று ஜெர்மன் சமூகவியலாளர் கேயார்க் சிம்மல் 1908-லேயே எழுதிவிட்டார். அந்த மௌனம் அவ்வளவு பழையது.

எனக்கு மிகவும் பிடித்தது ஊர் திரும்புகிறவர்களைப் பார்ப்பதுதான். ஏறும்போது இறுகிய முகத்தோடு பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்காருவார்கள். ஊர் நெருங்க நெருங்கப் பேச்சே மாறும். அதுவரை அலுவலகத் தமிழில் அளந்து பேசியவர், வீட்டிலிருந்து அழைப்பு வந்ததும் சொந்த வட்டார வழக்குக்குத் தாவிவிடுவார், குரலும் ஒரு சுற்று பெரிதாகும். இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே எழுந்து தலை வாரிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு அவ்வளவு பிரியம்.

பேசவும் தயங்க வேண்டாம். சிகாகோ ரயில் பயணிகளிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாதவரோடு பேசியவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. பேசினால் சங்கடமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

ஒன்று மட்டும். கவனிப்பது வேறு, தூங்குகிறவரை ரகசியமாகப் படமெடுத்து வலையில் போடுவது வேறு. கட்டுரையாளர் அதையும் கண்டித்து எழுத வேண்டும்.