பறக்க முதலே களைத்துப்போகிறோம்

சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் நாலு பேர் கணினியில், விமான சிமுலேட்டரில் சேர்ந்து பறப்பது வழக்கம். நான் கிளிநொச்சி, ஒருவன் மாங்குளம், ஒருவன் வவுனியா, நாலாவது ரொறன்ரோவில் இருக்கிற சித்தியின் மகன். கோடையில் எங்களுக்கு இரவு 9 மணி என்றால் அவனுக்குக் காலை 11.30. போன கிழமை மாறுதலுக்கு டிசிஎஸ் வேர்ல்ட் என்ற புதிய போர் விமான சிமுலேட்டரில் பறப்போம் என்று 9 மணிக்கு உட்கார்ந்தோம். எழும்பும்போது நள்ளிரவு ஆக கால் மணித்தியாலம் இருந்தது. ஒருத்தருடைய சில்லுகூட ஓடுபாதையை விட்டு எழும்பவில்லை.

என்ன நடந்தது என்றால், முதலில் வவுனியாக்காரன் அப்டேட் செய்திருக்கவில்லை. எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருந்தால்தான் உள்ளே விடும். அது இறங்கி முடியும் வரை ஊர்க்கதை. அப்புறம் ரொறன்ரோத் தம்பி, தான் காசு கொடுத்து வாங்கிய வரைபடத்தில் மிஷன் (நாங்கள் பறக்கவேண்டிய சண்டைக் களம்) செய்து வைத்திருந்தான். அது எங்களிடம் இல்லையென்றால் அதில் சேரவே முடியாது. சரி, இலவசமாகக் கிடைக்கும் கொக்கேசஸில், இலவச சு-25டி ஜெட் விமானங்கள் நாலை வைத்து நானே அவசரமாக ஒன்று செய்தேன். திறந்தால் மாங்குளத்தான் கேட்கிறான், “மச்சான், எனக்கு ஏற ஒரு பிளேனும் காட்டேல்லையடா.” பிழை என்னுடையதுதான். மனிதர் ஏறவேண்டிய ஒவ்வொரு விமானத்துக்கும் திறமை என்ற இடத்தில் ‘கிளையன்ட்’ என்று மாற்றவேண்டும். நான் ஒன்றை ‘பிளேயர்’ ஆக்கிவிட்டு மற்ற மூன்றையும் கணினியே ஓட்டும்படி விட்டிருந்தேன். திறமையைக் கேட்கும் பெட்டிக்குள் ஆளை ஏற்றும் வழியை ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும்?

அதைத் திருத்தி நான் ஹோஸ்ட் செய்தேன், அதாவது என் கணினியில் ஆட்டத்தை ஓடவிட்டு மற்றவர்களை அதற்குள் கூப்பிட்டேன். ஒருவராலும் வர முடியவில்லை. இங்கே பலரைப் போல எனக்கும் சிம் போட்ட 4ஜி ரௌட்டர்தான். அதில் எனக்கென்று தனி இணைய முகவரி கிடையாது. ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் எத்தனையோ வீடுகள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் ஏதாவதொரு கடையின் முகவரிக்கு வரும். கடைக்காரருக்கு ஆளைத் தெரியாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். அதே கதைதான். என் ரௌட்டரில் டிசிஎஸ் கேட்கும் 10308 போர்ட் என்ற வாசலைத் திறந்து வைத்து என்ன பயன்? கதவு எனக்கும் மேலே, தொலைபேசி நிறுவனத்தின் பக்கம் பூட்டியிருக்கிறது. ஸீரோடியர், ராட்மின் போன்ற மெய்நிகர் வலையமைப்புகளால் இதைச் சுற்றிப் போகலாம். ஆனால் நாலு பேரும் அதை நிறுவி, ஃபயர்வோலைச் சமாளித்து வருவதற்குள் பிள்ளைகள் எழும்பிவிடும்.

டிசிஎஸ் மட்டமான சிமுலேட்டர் என்று நான் சொல்லவரவில்லை. காசு கொடுத்து வாங்கும் பல விமானங்களில் விமானி அறையின் சுவிட்சுகளை அழுத்தக்கூடியதாகச் செய்திருக்கிறார்கள். அந்த உழைப்பில் பத்தில் ஒன்றை நண்பர்களை ஒரே வானத்தில் சேர்க்கும் திரைக்குக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் கோபம்.

ஏனென்றால் பழையவர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். 2001இல் வந்த, இரண்டாம் உலகப்போர் விமானங்களின் சிமுலேட்டரான இல்-2 ஸ்ரூர்மோவிக்கும் அதன் கடைசி வளர்ச்சியான 2006இன் ‘1946’ தொகுப்பும் இன்றைக்கும் என் பழைய லப்டொப்பில் ஓடுகின்றன. ஹோஸ்ட் செய்பவர் மிஷன் கோப்பை கோ-ஒப் (ஒரே பக்கத்தில் சேர்ந்து ஆடுவது) என்ற கோப்புறைக்குள் போட்டால் போதும். தம்பியின் வீட்டு இணையத்துக்கு வெளி முகவரி இருப்பதால் அவன் ஹோஸ்ட். நாங்கள் அந்த முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே போகிறோம், திரையில் விமானங்களின் பட்டியல் வருகிறது, ஆளுக்கொன்றைப் பிடிக்கிறோம். ஆள் ஏறாததைக் கணினி ஓட்டும். விமானம் ஓட்டத் தெரியாதவன் குண்டுவீச்சு விமானத்தின் பின் துப்பாக்கியில் உட்காரலாம். மாங்குளத்தான் இரண்டு வருடமாக அந்த இருக்கையை விட்டு எழும்பவேயில்லை. பிங், அதாவது இணையத்தில் தகவல் போய்வரும் நேரம், 300 மில்லிசெக்கனைத் தாண்டும்போது அணிவகுப்பில் பக்கத்து விமானம் தவளை மாதிரிப் பாயும், உண்மைதான். எதிரி கணினியாக இருக்கும்போது அது பெரிய தொல்லையில்லை.

இல்-2இலும் குறை உண்டு. கோ-ஒப் தொடங்கிய பிறகு ஒருவரும் உள்ளே வர முடியாது. இங்கே கரண்ட் நின்றால் அன்றைய இரவு அவ்வளவுதான். டிசிஎஸ்ஸில் நடுவிலும் திரும்பி வரலாம். இந்த ஒரு விஷயத்தில் புதியவர் வென்றார். கொரிய வரைபடத்தில் போர் தானாக நகர்ந்துகொண்டிருக்க, அதற்குள் நண்பர்களும் நுழையக்கூடிய ஃபல்கன் பிஎம்எஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரின் மீதும் எனக்கு ஆசைதான். ஆனால் அதன் கையேட்டைப் படித்து முடிக்க ஒரு பெரும்போகம் தேவை.

“பொதுச் சேவையகங்களில் போய்ப் பறவுங்கோவன்” என்பார்கள். போயிருக்கிறோம். தெரியாத ஐம்பது பேருக்குள் ஐந்து நிமிடத்தில் விழுந்து, திரும்ப ஏறி, திரும்ப விழுவதற்கு எங்களுக்கு நேரமில்லை. நாலு பேர், குண்டு போட ஒரு பாலம், ஒரு மணித்தியாலம். தனியாக ஆடும் மிஷனைத் திறந்ததும் பக்கத்தில் ‘ஆட்களைக் கூப்பிடு’ என்று ஒரு பொத்தான். இடையில் தொடர்பைக் கடத்திவிட, ஆட்டத்தைச் செய்த நிறுவனத்தின் ஒரு சேவையகம். வேறென்ன கேட்கிறோம்?

நான் பழைய காற்றாடி விமானங்களோடு நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சு-25இன் சத்தம் ஒருநாள் ஸ்பீக்கரில் போய்விட்டது. குசினியிலிருந்த அம்மா ஒன்றும் பேசாமல் முற்றத்துக்கு வந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றா. போர்க்காலத்தில் குண்டு போட வந்த கிபிர் ஜெட்டைக் கேட்ட காது. அன்றிலிருந்து ஹெட்போன் இல்லாமல் நான் எதையும் பறக்க விடுவதில்லை.

இந்தச் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு இல்-2இல், பெ-2 குண்டுவீச்சு விமானம் ஒன்றில் கீழ்த் துப்பாக்கி இருக்கை காலியாக இருக்கிறது. ஜொய்ஸ்டிக் தேவையில்லை, மௌஸ் போதும். வருகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், ஹோஸ்டின் முகவரியை அனுப்பிவிடுகிறேன்.