'டெத் மேக்னடிக்' சத்தத்துக்கு யார் பொறுப்பு?

அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னடிக்' பற்றி ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது: "விமர்சகர்களும் ரசிகர்களும் ஒருசேர நிராகரித்த ஆல்பம். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன்தான் கெடுத்தார்." இரண்டுமே தவறு. (தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் கலப்பது மிக்ஸிங்; அதற்குப் பிறகு நடக்கும் கடைசி ஒலிச் சீரமைப்பு மாஸ்டரிங்.)

முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. 2009இல் 'மை அபோகலிப்ஸ்' பாடல் கிராமி வென்றது. முந்தைய ஆல்பமான 'செயிண்ட் ஆங்கர்' தந்த ஏமாற்றத்துக்குப் பிறகு, பழைய வேகம் திரும்பிவிட்டது என்றுதான் பல விமர்சகர்கள் எழுதினார்கள்.

ரசிகர்களின் கோபம் நிஜம்தான். ஆனால் அது பாடல்கள் மீது அல்ல, ஒலி மீது. சிடியின் அலைவடிவத்தைத் திரையில் விரித்தால் மேடு பள்ளமே தெரியாது. சத்தத்தைக் கூட்ட ஒலியை நசுக்கியதால், உச்சிகளெல்லாம் கத்தரித்ததுபோல் தட்டையாக இருக்கும். டிரம் அடி விழும் இடங்களில் கரகரப்பு கேட்கும். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டிலும் வந்தன. அங்கே இந்த அளவு நசுக்கல் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டதும்தான் ரசிகர்கள் கொதித்தார்கள். மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள்.

சரி, ஜென்சன்? தன் கைக்கு வரும் முன்பே மிக்ஸ்கள் ஒலியளவின் உச்சவரம்பில் முட்டிக்கொண்டிருந்தன என்று அவரே அப்போது ஒரு ரசிகருக்குப் பதில் எழுதினார். மிக்ஸிங்கிலேயே நசுங்கிய ஒலியை மாஸ்டரிங்கில் மீட்க முடியாது. உறையில் பெயர் இருப்பதால் பழி அவர் தலையில் விழுந்தது, பாவம்.