கினிப் பன்றிக்கு முயல் தீவனம் மட்டும் போதாது

“கினிப் பன்றிக்குத் தனி உணவு தேவையில்லை, முயல் தீவனமே போதும். காய்கறி தின்றால் தண்ணீரும் வேண்டாம்” என்று, வீட்டில் வளர்க்கும் எலி போன்ற சிறு பிராணியான கினிப் பன்றியைப் பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இரண்டுமே தவறு.

முயலின் உடல் வைட்டமின் சி-யைத் தானே உருவாக்கிக்கொள்ளும். கினிப் பன்றியால், மனிதர்களைப் போலவே, அது முடியாது. 1907-இல் நார்வே ஆய்வாளர்கள் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் இந்த விலங்கில்தான், வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி நோயை ஆய்வுக்கூடத்தில் வரவழைத்துக் காட்டினார்கள். முயல் தீவனத்தில் பொதுவாக இந்த வைட்டமின் சேர்க்கப்படுவதில்லை. பற்றாக்குறை வந்தால் மூட்டு வீங்கும், ஈறில் இரத்தம் கசியும், நடக்கவே வலிக்கும். வலியை வெளிக்காட்டாத பிராணி இது. குழந்தைகள் ‘சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது’ என்றே நினைப்பார்கள். அதுதான் என்னை வருத்துகிறது.

உலர்புல் எப்போதும் இருக்க வேண்டும். கினிப் பன்றிக்கான தீவனம், தினமும் கொஞ்சம் குடைமிளகாய், சுத்தமான தண்ணீர் ஆகியவையும் அவசியம். தீவனத்திலுள்ள வைட்டமின் நாளாக ஆகக் குறையும் என்பதால் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்.

மெர்க் கால்நடை மருத்துவக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் சரிபார்க்கலாம். கால்நடை மருத்துவரிடமும் கேட்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் பகிருங்கள்.