அழுகிற குழந்தையைத் திட்டாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

"பையன் கொஞ்சம்கூட கோஆப்பரேட் பண்ண மாட்டேங்கிறான் சார்." குழந்தைகளைப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இந்தப் பேச்சைக் கேட்காத வாரமே கிடையாது. பையனுக்கு வயது ஒன்று. விடியற்காலையில் எழுப்பி, தலைக்குக் குளிப்பாட்டி, ஜரிகை குத்துகிற பட்டு வேட்டியைச் சுற்றி, காரில் வரும் வழியில் தூங்கிப்போனவனை உலுக்கி எழுப்பி, மதியம் பன்னிரண்டு மணிக்கு முன்பின் தெரியாத ஓர் ஆள் எதிரில் உட்காரவைக்கிறார்கள். தாத்தா கிலுகிலுப்பையை ஆட்டுகிறார், சித்தி கைதட்டுகிறாள், மாமா செல்போனில் பாட்டுப் போடுகிறார், அப்பா "இங்க பாரு, இங்க பாரு" என்று கத்துகிறார். அந்தக் குழந்தை எங்கேதான் பார்க்கும்? அழுகிறது. உடனே பழி அதன் தலையில். எந்த ஊர் நியாயம் இது?

மதுரையில் குழந்தைப் படங்கள் எடுப்பதுதான் என் தொழில். ரொம்ப நாளாக மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். இன்று கொட்டிவிடுகிறேன்.

பச்சைக்குழந்தையிலிருந்தே வருகிறேன். பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. அப்பா இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார். குழந்தை குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, இரண்டு உள்ளங்கையிலும் தாடையைத் தாங்கியபடி தூங்குகிற படம். தவளை போஸ் என்பார்கள். அந்தப் படம் ஒரே கிளிக்கில் எடுத்தது கிடையாது. ஒரு ஃப்ரேமில் ஒருவர் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார். அடுத்த ஃப்ரேமில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் போட்டோஷாப்பில் சேர்த்து, பிடித்திருந்த கைகளை அழித்துவிடுவார்கள். பச்சைக்குழந்தைக்குக் கழுத்து நிற்கவே மூன்று நான்கு மாதம் ஆகும். தாடை நெஞ்சில் அழுந்துகிற மாதிரி மடங்கினால் மூச்சுப்பாதை அடைபடும். இதைப் படித்துப் படித்துச் சொன்னாலும், "போன வாரம் என் ஃப்ரெண்டு குழந்தைக்கு எடுத்துக் கொடுத்தாங்களே" என்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறவர்கள் மீதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பச்சைக்குழந்தையை எப்படித் தூக்குவது என்றுகூடப் பழகாமல், ஏசி ஓடுகிற அறையில் துணியில்லாமல் கிடத்தி, கூடைக்குள் திணித்து, துணித் தொட்டில் கட்டி அந்தரத்தில் தொங்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் பிடிக்க ஓர் ஆள்கூட இல்லை. லைக் வாங்குவதற்காகக் குழந்தையின் மூச்சோடு விளையாட யார் இவர்களுக்கு உரிமை கொடுத்தது?

அந்த வயதில் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவதே இருபது முப்பது சென்டிமீட்டர் தூரம் வரைதான். மடியில் கிடந்து பார்த்தால் அம்மா முகம் இருக்கிற தூரம் அது. ஜன்னலோரம் அம்மாவை உட்காரச் சொல்லி, அவள் பாட்டுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டால், அதைவிட நல்ல படம் வேறெதுவும் வராது. ஆனால் வீட்டில் விடுவதில்லை. பிரசவமாகிச் சரியாகத் தூக்கம்கூட இல்லாத பெண்ணைப் பார்த்து, "முகத்துக்கு ஏதாவது போட்டுக்கிட்டு வா, இப்படியே நிக்காதே" என்கிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஃப்ளாஷ் பட்டால் குழந்தைக்குக் கண் போய்விடும் என்று பாட்டிகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை, சாதாரண ஃப்ளாஷால் கண் கெடுவதில்லை. ஆனால் திடீரென வெளிச்சம் வெட்டும்போது பச்சைக்குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போடுமே, அதைப் பார்த்த பிறகும் முகத்துக்கு நேரே மறுபடி மறுபடி அடிக்க எப்படி மனம் வருகிறது? வீட்டுக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் பாயை விரியுங்கள், போதும். நாங்கள் உள்ளே நுழைந்ததுமே வீட்டிலிருக்கும் அத்தனை விளக்கையும் போட்டுவிடுகிறார்கள். ஜன்னலிலிருந்து வருவது நீலம், குண்டு பல்பு மஞ்சள், டியூப் லைட் பச்சை. குழந்தையின் ஒரு கன்னம் ஒரு நிறம், மறுகன்னம் வேறு நிறம். அணைக்கச் சொன்னால் கேமரா சரியில்லையோ என்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

முதல் பிறந்தநாள். இதைப் பேசினால் விடிந்துவிடும். ராத்திரி எட்டரை மணிக்குக் கேக் வெட்டுகிறார்கள். ஒரு வயதுக் குழந்தை எட்டரை மணிக்குத் தூங்குமா, கேக் வெட்டுமா? யாரோ பெரிய மனிதர் வருகிறாராம், அவர் வரும்வரை காத்திருக்கவேண்டுமாம். அதற்குள் குழந்தை அம்மா தோளில் சரிந்து தூங்கிவிடும். கன்னம் தோளில் நசுங்கி, வாய் லேசாகத் திறந்து, கை தொங்கிக்கொண்டிருக்கும். அவர் கார் வந்து நின்றதும் ஒருத்தர் கைக்குட்டையை ஈரமாக்கி அந்த முகத்தைத் துடைத்து எழுப்புகிறார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். எழுந்ததும் எதிரில் மைக், பலூன் வெடிக்கிற சத்தம், வண்ண வண்ண விளக்கு, நூறு முகம். அது அலறுகிறது. அந்த அலறலுக்கு நடுவே கையில் பிளாஸ்டிக் கத்தியைத் திணித்து, "போட்டோகிராபர், எடுங்க எடுங்க" என்கிறார்கள்.

அந்த மண்டப விளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஓடுகிற குழந்தைக்காக ஷட்டர் வேகத்தை 1/500 என்று, அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறக்கிற மாதிரி வைத்தால் படம் முழுக்கக் கருப்புக் கருப்பாகப் பட்டை விழும். பட்டை விழாமல் 1/100 வைத்தால் குழந்தை கலங்கிப்போகும். மேடையிலிருக்கிற அந்த ஊதா விளக்கை மட்டும் பத்து நிமிஷம் அணைக்கச் சொல்லி எத்தனை மண்டபத்தில் கெஞ்சியிருக்கிறேன்! "பேக்கேஜ்ல இருக்கு சார், அணைக்க முடியாது." அப்புறம் ஆல்பத்தில் குழந்தை ஊதாவாக இருப்பதைப் பார்த்து என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

காதுகுத்து இதைவிடக் கொடுமை. குலதெய்வக் கோயில், மொட்டை போட்டு, சந்தனம் தடவி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்திருக்கிறார்கள். அந்தச் சடங்கை நான் குறை சொல்லவில்லை. மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்வதில் ஓர் அழகு இருக்கிறது, அதைப் படமாக எடுக்கத்தான் நானே போகிறேன். ஆனால் ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்ததும் குழந்தை மூச்சுப் பிடித்து அழுதுகொண்டிருக்கும்போது, வீடியோக்காரர் லைட்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, "ஆசாரி அண்ணே, சரியா விழல, இன்னொரு தடவை குத்துற மாதிரி கைய வைங்க" என்றார். ஆசாரியும் கையை வைத்தார். குழந்தை மறுபடி குத்தப்போகிறார்கள் என்று நினைத்து உடம்பை வில்லாக வளைத்து, மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறியது. சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கத்திவிட்டேன், சண்டையாகிவிட்டது. ஆகட்டும். அந்தக் குழந்தைக்கு அது நடிப்பு என்று யார் சொன்னார்கள்?

சரி, வெளியே எடுக்கலாம் என்றால் அங்கே மணி தகராறு. தெப்பக்குளத்தில் எடுக்கலாம், காலை ஏழு மணிக்கு வாருங்கள் என்றால் பத்தரைக்கு வந்து நிற்கிறார்கள். சித்திரை மாதம் மதுரையில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். கண்குழியில் கருப்பு நிழல், மூக்குக்குக் கீழே மீசை மாதிரி இன்னொரு நிழல், காலுக்குக் கீழே கல் கொதிக்கும். மூன்று வயதுப் பிள்ளை அந்தக் கருங்கல் படியில் வெறுங்காலோடு நின்று சிரிக்கவேண்டுமாம். காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல், இந்த இரண்டு நேரத்தையும் விட்டால் மரத்தடி நிழல்தான் கதி. வேப்பமரத்து நிழலாக இருந்தாலும் வெயில் புள்ளி புள்ளியாக விழாத இடமாகத் தேடி நிற்கவைக்கவேண்டும். இதைத்தான் கரடியாய்க் கத்துகிறேன்.

கடற்கரைக்குப் போகிறவர்களும் இப்படித்தான். கடலுக்குள் சூரியன் இறங்குகிற மாதிரி பின்னணி வேண்டும் என்று சாயங்காலம் மெரினாவில் போய் நிற்பார்கள். நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும், ஊர்ப்பக்கம்தான் மறையும். சாயங்காலம் கடலைப் பின்னால் வைத்து நிறுத்தினால் இறங்குவெயில் நேரே குழந்தையின் கண்ணில் அடிக்கும். கண்ணைச் சுருக்கினால், "கண்ணைத் திறடா" என்று முதுகில் ஒரு அடி. நிறுத்திய இடம் தப்பு, அடி மட்டும் பிள்ளைக்கு.

இன்னொன்று, தயவுசெய்து குனியுங்கள். செல்போனில் எடுத்தாலும் சரி, பெரிய கேமராவில் எடுத்தாலும் சரி, நின்றபடி மேலிருந்து எடுத்தால் பெரிய தலையும் சிறிய காலும்தான் வரும். தவழ்கிற குழந்தைக்கு நீங்களும் தரையில் படுக்கவேண்டும். முழங்கால் அழுக்காகிவிடும் என்று யோசிக்கிறவர்கள் குழந்தைப் படம் எடுக்க வராதீர்கள். ரொம்பக் கிட்டே போய் நீட்டாதீர்கள், மூக்குதான் பெரிதாகத் தெரியும். நாலடி தள்ளி உட்கார்ந்து, ஷட்டர் வேகத்தை 1/500க்குக் குறையாமல் வைத்து, அது பாட்டுக்கு மண்ணில் விளையாடட்டும் என்று விடுங்கள். கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும், படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் குடி முழுகிவிடாது. முகம் அசைந்து கலங்கிப்போனால்தான் படம் போச்சு.

ஆறேழு வயதில் முன்பல் விழும். அந்த ஓட்டைப் பல் சிரிப்பு சில மாதம்தான் இருக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் வராது. அதைப்போய், "வாயை மூடிக்கிட்டுச் சிரி, அசிங்கமா இருக்கு" என்கிறார் ஓர் அம்மா. பிள்ளை அன்றைக்கு முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டே நின்றது.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்கவைப்பது நிறம். "கொஞ்சம் கலரா காட்டிடுங்க." நேரிலும் சொல்கிறார்கள், போனிலும் சொல்கிறார்கள், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். அக்கா, தங்கை இருவர் வந்திருந்தார்கள். அக்காவுக்கு எட்டு வயது இருக்கும், நல்ல கருப்பு. தங்கை மாநிறம். எடுத்த படத்தைக் கேமராவின் பின்திரையில் காட்டினேன். அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், கம்ப்யூட்டர்ல போட்டதும் நானும் பாப்பா மாதிரி ஆயிடுவேன்ல?" என்றாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில் இருக்கிற நாம்தான். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கருப்புத் தோலைக் கேமராவில் சரியாக எடுக்கத் தெரியாததற்குப் பிள்ளையை வெளுக்கிறார்கள். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர் என்று நிறுத்தினால் மொத்தத்தையும் இருட்டாக்கும், முகம் அடங்கிப்போகும். வெளிச்ச அளவை நாம்தான் கையால் ஏற்றிக்கொடுக்கவேண்டும். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் கருப்புக் கன்னமேட்டில் விழுகிற மினுமினுப்பு வேறெந்தத் தோலிலும் வராது. இந்தக் கோணல் இன்று நேற்று வந்ததும் இல்லை. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவுகிற லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ஷெர்லி கார்டில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லார் தோலும் சரி என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நம் பிள்ளைகளைத் தெரியாது. பெற்றவர்களுக்குமா தெரியாது? இப்போது பல செல்போனில் அழகாக்குகிற ஃபில்டர் நாம் கேட்காமலேயே வேலை செய்கிறது. முதலில் அதை அணைத்துவிட்டு அப்புறம் பிள்ளையை எடுங்கள்.

பதின்மூன்று பதினான்கு வயதில் பிள்ளைகள், "வேண்டாம்மா, எடுக்காதீங்க" என்று சொல்லத் தொடங்கும். முகத்தில் பரு, குரல் உடைகிற வயது, அதற்குக் கூச்சமாக இருக்கிறது. அப்போதும் கையைப் பிடித்து இழுத்து, படத்தை எடுத்து, மறுநிமிஷமே சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். எந்தப் படம் பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையிடம் கேட்டால் என்ன குறைந்துவிடும்? நான் கேட்கிறேன். வேண்டாமென்று சொல்கிற படத்தை அதன் கண்ணெதிரிலேயே அழிக்கிறேன். அதற்கும் பெற்றவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், "காசு கொடுக்கிறது நாங்க" என்கிறார்கள்.

வைகாசி முகூர்த்தங்களுக்கு இப்போதே போன் வர ஆரம்பித்துவிட்டது. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும், எத்தனை மணிக்குச் சாப்பிடும் என்று கேட்டுக்கொண்டுதான் நேரம் குறிப்பேன். தூங்கினால் எழுப்ப விடமாட்டேன். கேமராவுக்குப் பின்னால் அம்மாவோ அப்பாவோ ஒருவர்தான் நிற்கலாம், மற்றவர்கள் வெளியே. காதுகுத்தில் இன்னொரு தடவை என்று யாராவது கேட்டால் கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன், அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிடுகிறேன். நிறத்தில் கை வைக்கமாட்டேன். ஒத்துவராது என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.