அது கூர்ஸ்க் இல்லை
"கூர்ஸ்க், ஜூலை 1943" என்று குறிப்பிட்டுப் பகிர்ந்திருக்கும் டைகர் (இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் கனரக டாங்கி) படத்தின் தேதி தப்பு. டாங்கி டைகர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கி முன்பக்கத் தகட்டைப் பாருங்கள். சீப்பால் இழுத்த மாதிரி வரிவரியாக ஒரு பூச்சு தெரிகிறதா? அதுதான் சிம்மெரிட். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கப் பூசிய பசை. தொழிற்சாலையில் டைகர்களுக்கு இதைப் பூச ஆரம்பித்ததே, ரஷ்யாவில் ஜெர்மனியும் சோவியத்தும் மோதிய அந்தக் கூர்ஸ்க் சண்டை முடிந்த பிறகுதான்.

சரி, பூச்சு நிழலாக இருக்கலாம் என்பீர்கள். அப்புறம் சக்கரங்களைப் பாருங்கள். ஆரம்ப கால டைகரில் சக்கர விளிம்பில் ரப்பர் பட்டை தடிமனாகத் தெரியும். இதில் வெறும் இரும்பு விளிம்பு. அது 1944 தொடக்கத்தில் வந்த மாற்றம். ஆக, இந்தப் படம் 1944க்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை.

எந்த ஊர் என்று கேட்டால், பின்னால் தெரியும் இரண்டு மரங்களை வைத்து நான் சொல்ல மாட்டேன். டாங்கியின் மேல் சுழலும் பீரங்கிக் கோபுரத்தில் எழுதிய எண்ணும் சேறு அப்பிக் கிடக்கிறது, அதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது.